வடவெல்லைத் தணிகை

தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தமிழ் வழங்கும் நிலத்தின் வடக்கெல்லையாக வேங்கடத்தையும் தெற்கெல்லையாகக் குமரியையும் குறித்தார். சிலப்பதிகாரமும் நெடியோன் குன்றத்தை வடக்கெல்லையாகவே கொண்டது. இக்கணக்கின்படி நோக்கின் திருத்தணி எல்லையூர் அன்று. திருப்பதிக்குத் தெற்கே சாலைவழி ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவில், தொண்டை நாட்டின் உட்புறத்தே அமைந்த ஊர் அது. இன்றோ சென்னையிலிருந்து செல்லும் தொடர்வண்டி அரக்கோணத்தைக் கடந்து திருத்தணியை அடைந்தபின், பொன்பாடி என்னும் ஒரே நிலையத்தோடு தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. அடுத்த நிலையமாகிய வெங்கடநரசிம்மராசுவாரிப்பேட்டை ஆந்திர மண்ணில் உள்ளது.

ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைதான் அதனை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. அது எவ்வாறு வந்தது, வந்த எல்லை ஊரைத் தாண்டிச் சென்றுவிடாமல் ஊரின் வடக்கே எவ்வாறு நின்றது என்பவற்றை ஆராய்வது திருத்தணியின் வரலாற்றை அறிவதற்கு மட்டுமன்றி, ஒரு மொழியின் நிலப்பரப்பு எதனால் காக்கப்படுகிறது என்பதை அறிவதற்கும் துணைபுரியும்.

மலையும் ஆறும் வழியும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய நகரி மலைத்தொடர் தெற்கு நோக்கித் தாழ்ந்து சமவெளியோடு கலக்கும் இடத்தில் திருத்தணி அமைந்துள்ளது. வங்கக் கடலில் வந்த மாலுமிகள் கரையை அடையாளம் காண்பதற்கு நகரி மலையின் மூக்குப் போன்ற முகட்டைக் குறியாகக் கொண்டனர். அத்தொடரின் தெற்குச் சிதறல்களுள் ஒன்றுதான் முருகன் கோயில் கொண்ட தணிகைக் குன்று. இருமருங்கும் மலைகள் தொடர்ந்து செல்ல, நடுவே தனித்து உயர்ந்து நிற்பது இதன் தோற்றம். வடபால் மலை வெண்ணிறம் படர்ந்திருப்பதால் பச்சரிசி மலை என்றும், தென்பால் மலை கருநிறம் கொண்டிருப்பதால் பிண்ணாக்கு மலை என்றும் ஊர்வழக்கில் வழங்குகின்றன. உழவர் வாழ்வோடு ஒட்டிய இப்பெயர்கள் புராணப் பெயர்களினும் எளியவை. ஊரார் மலையை எவ்வாறு பார்த்தனர் என்பதைக் காட்டுபவை.

மலையடியில் நந்தியாறு ஓடுகிறது. மேற்கே பள்ளிப்பட்டுப் பகுதி வழியாக வரும் கொசத்தலையாறும், நகரிப் பகுதியிலிருந்து வரும் நகரியாறும், நந்தியாறும் கூடிப் பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கின்றன. 1944இல் திறக்கப்பட்ட அந்நீர்த்தேக்கம் சென்னை மாநகரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. 1996 முதல் கிருட்டிணா ஆற்று நீரும் ஆந்திரத்துக் கண்டலேறுவிலிருந்து கால்வாய் வழியே அதே பூண்டியை வந்தடைகிறது. நிலத்தின் சரிவு மாநில எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. வடமேற்கே பெய்த மழை தென்கிழக்கே உள்ளோர்க்குக் குடிநீராகிறது.

வழிகளும் அவ்வாறே. காஞ்சியிலிருந்து வேங்கடத்திற்குச் செல்லும் பழைய பெருவழி இப்பகுதியை ஒட்டியது. அரக்கோணத்திலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாக ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப் பாதை, 19ஆம் நூற்றாண்டில் சென்னையையும் பம்பாயையும் இணைத்த நெடும்பாதையின் ஒரு பகுதி. சென்னையிலிருந்து சென்ற பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் 1871இல் இராய்ச்சூரில் சந்தித்தபோது திருத்தணி ஓர் அகில இந்தியப் பெருவழியின் நிலையமாயிற்று. மலை, ஆறு, வழி என்னும் மூன்றனுள் எதுவும் இவ்வூரின் வடக்கே ஒரு கோட்டை வரைந்து தரவில்லை. இங்கு எல்லை என்பது இயற்கை வகுத்ததன்று, மனிதர் வகுத்தது.

கல்லில் அமைந்த வெண்பா

திருத்தணி என்றவுடன் நினைவுக்கு வருவன மலையும் அதன் 365 படிகளுமே. ஆண்டின் நாள்களைக் குறிக்கும் அப்படிகளில் ஏறுவோர் பலர். மலையடியில் நந்தியாற்றங்கரையில் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் செல்வோர் குறைவு. ஆயினும் ஊரின் எழுத்து வரலாற்றை அறிய விழைவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவே.

அளவிற் சிறியதாகிய அக்கற்றளி, யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாட வடிவில் அமைந்தது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவருள் கடைசிப் பெருமன்னனாகிய அபராசிதன் காலத்தில், நம்பி அப்பி என்பான் அதனைக் கல்லால் எடுப்பித்தான். அபராசிதனின் 18ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு அங்குள்ளது. நம்பி அப்பியின் திருப்பணியைப் போற்றும் வெண்பா ஒன்றும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அவ்வெண்பாவைப் பெருமானடிகளே பாடியருளினார் என்று கல்வெட்டு தெரிவிக்கிறது. பெருமானடிகள் என்றது மன்னன் அபராசிதனையே என்பது கல்வெட்டறிஞர் கருத்து.

இச்செய்தி கவிஞர்களுக்குச் சிறப்பாக உரியது. வெண்பா என்பது பிற தளை விரவுதலைப் பொறாத யாப்பு. பயிற்சியின்றி எவர்க்கும் கைவராதது. பல்லவர் வடமொழியைப் பெரிதும் போற்றியவர்கள். அவர்தம் செப்பேடுகளின் புகழ்ச்சிப் பகுதிகள் வடமொழியில் அமைந்தவை. அம்மரபில் வந்த மன்னன், தன் ஆட்சிப் பரப்பின் வடபகுதியில் இருந்த ஓர் ஊரில், தன்னைப் பாடாமல் கோயில் எடுத்த ஒருவனைத் தமிழ் வெண்பாவில் பாடியிருக்கிறான். கல்வெட்டுகளில் செய்யுள் இடம்பெறுவது வழக்கமே. பாடியவன் மன்னன் எனக் கல்லே அறிவிப்பது அரிய நிகழ்வு.

திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் 1977இல் கிடைத்த செப்பேடுகளும் இங்கு எண்ணத்தக்கவை. அவற்றுள் ஒரு தொகுதி அபராசித பல்லவனுடையது. மற்றொன்று முதலாம் பராந்தக சோழனுடையது. பல்லவனை வென்று தொண்டை நாட்டைக் கைக்கொண்டவன் முதலாம் ஆதித்த சோழன். அவன் மகன் பராந்தகன். தோற்ற மரபின் சாசனமும் வென்ற மரபின் சாசனமும் ஒரே ஊரில் கிடைத்தமை, ஆட்சி மாறியபோதும் இவ்வட்டாரத்தின் முதன்மை குன்றவில்லை என்பதைப் புலப்படுத்தும்.

அருகிலுள்ள திருவாலங்காடு காரைக்கால் அம்மையாரால் பெருமை பெற்ற தலம். முதலாம் இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடு 1905இல் அங்குக் கிடைத்தது. 31 ஏடுகள் கொண்ட அச்சாசனம் சோழர் மரபை விரித்துரைக்கும் முதன்மைச் சான்று. தெற்கே சற்றுத் தொலைவிலுள்ள தக்கோலத்தில்தான் 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையை எதிர்த்த பராந்தகன் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர்துறந்தான். அரக்கோணம், தக்கோலம், திருவாலங்காடு, திருத்தணி ஆகியவை அடங்கிய இச்சிறு வட்டாரம் வடக்கிலிருந்து வரும் படைகள் நுழையும் வாயிலாகவும், தெற்கின் அரசுகள் தம் சாசனங்களை நிலைநாட்டும் களமாகவும் இருந்தது.

பல மொழிகள் பாடிய குன்று

15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் தணிகை முருகன்மீது பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் அறுபதுக்கும் மேற்பட்டவை. ஆறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகக் கொள்ளப்படும் குன்றுதோறாடலுக்குத் திருத்தணி சிறப்பிடமாகக் கருதப்படுவதும் இப்பாடல்களால் வலுப்பெற்றது. சூரனோடும் வேடரோடும் செய்த போரின் சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பது தலமரபு.

18ஆம் நூற்றாண்டில் இவ்வூரிலேயே பிறந்தவர் கச்சியப்ப முனிவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் சிவஞான முனிவரின் மாணவராக விளங்கிய அவர், தணிகைப் புராணத்தைப் பாடினார். ஆற்றுப்படை, பதிற்றுப்பத்தந்தாதி முதலிய சிற்றிலக்கியங்களையும் தம் ஊர்மீது செய்தார். காஞ்சிப் புராணத்தின் இரண்டாம் காண்டமும் அவர் இயற்றியதே. தலபுராணங்களுள் காப்பிய நயத்தால் முன்னிற்கும் ஒன்றாகத் தணிகைப் புராணத்தைப் புலவர் போற்றுவர்.

கச்சியப்ப முனிவரிடம் பாடங்கேட்டவர் திருத்தணிகைக் கந்தப்பையர். அவருடைய மைந்தர்கள் விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும் ஆவர். இவ்விருவரும் சென்னைக்குப் பெயர்ந்து, ஏட்டுத் தமிழ் அச்சுத் தமிழாக மாறிய காலத்தில் முன்வரிசையில் நின்றனர். 1830களில் இவர்தம் கல்விவிளக்க அச்சுக்கூடம் செயற்பட்டது. சரவணப்பெருமாளையரின் திருக்குறட் பதிப்பும் அக்காலத்தில் வெளிவந்தது. விசாகப்பெருமாளையர் எழுதிய பாலபோத இலக்கணம் பள்ளி மாணவர்க்கென உரைநடையில் எழுந்த தொடக்ககால இலக்கண நூல்களுள் குறிப்பிடத்தக்கது. ஆசிரியர், மாணவர், மாணவரின் மைந்தர் என மூன்று படிகளில் ஒரு சிற்றூரின் கல்வி, மடத்திலிருந்து திண்ணைக்கும் திண்ணையிலிருந்து அச்சுக்கூடத்திற்கும் சென்ற வரலாறு இது.

வடலூர் இராமலிங்க அடிகள் இளமையில் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்தபோது, தம் அறையில் வைத்திருந்த கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி தந்தான் என்பது அவர்தம் வரலாற்றில் பேசப்படும் நிகழ்ச்சி. அவர்தம் தொடக்ககாலப் பாடல்களில் தணிகைக்குச் சிறந்த இடமுண்டு.

தமிழோடு மட்டும் இக்குன்று நின்றுவிடவில்லை. கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணியில் முதியவர் ஒருவர் தம் வாயில் கற்கண்டு இடப்பெற்று, அங்கேயே முதற் கீர்த்தனையைப் பாடினார் என்பது இசை மரபு. மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த அக்கீர்த்தனை வடமொழியில் உள்ளது. அவர் கொண்ட குருகுக என்னும் முத்திரையும் தணிகை முருகனை நினைவூட்டுவதே. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சர்வபள்ளி இராதாகிருட்டிணன் பிறந்ததும் இவ்வூரிலேதான். அவர் தந்தையார் சமீன் வருவாய்த் துறையில் சிறு பணியில் இருந்தவர். திருத்தணியில் தொடங்கிய அவர் கல்வி திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் தொடர்ந்தது.

விசயநகரப் பேரரசின் காலந்தொட்டுத் தெலுங்கு பேசும் தலைவர்களும் படைவீரர்களும் உழவர்களும் நெசவாளர்களும் தொண்டை மண்டலத்தின் வடபகுதியில் குடியமர்ந்தனர். பிற்காலத்தில் இப்பகுதி காருவேட்டிநகரம் சமீனுக்குட்பட்டது. ஆதலின் 19ஆம் நூற்றாண்டில் திருத்தணிச் சந்தையில் இரு மொழிகளும் ஒலித்தன. இம்மொழிகளுள் ஒன்றை மறைத்து எழுதப்படும் வரலாறு முழுமையாகாது.

1911: வசதிக்காக வரைந்த கோடு

கருநாடக நவாபின் ஆட்சிப் பகுதி 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின் அமைந்தது வட ஆர்க்காடு மாவட்டம். அதன் தலைநகர் சித்தூர். திருத்தணியும் வேலூரும் வாலாசாவும் சந்திரகிரியும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. மாவட்டம் அளவிற் பெரிதாக இருந்தமையால் ஆட்சி வசதி கருதி அதனைப் பிரிக்க அரசு முனைந்தது. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டம் பிறந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமனேர், சந்திரகிரி வட்டங்களும், திருத்தணி, புத்தூர், காளத்தி, புங்கனூர் ஆகிய சமீன் பகுதிகளும் பிரிக்கப்பட்டு, கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களோடு சேர்க்கப்பட்டன. எஞ்சிய வட ஆர்க்காட்டிற்கு வேலூர் தலைநகராயிற்று.

அன்று இதனை மொழிப் பிரிவினையாக எண்ணியவர் எவருமில்லர். இரு மாவட்டங்களும் சென்னை மாகாணத்திற்குள்ளேயே இருந்தன. வழக்குமன்றம் எங்கே, வரி செலுத்துமிடம் எங்கே என்பவையே மக்கள் உணர்ந்த மாற்றங்கள். ஆனால் ஈராண்டுகளுக்குள் 1913இல் பாபட்லாவில் முதல் ஆந்திர மாநாடு கூடியது. தெலுங்கர்க்குத் தனி மாகாணம் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. 1920இல் நாகபுரியில் கூடிய காங்கிரசு தன் அமைப்பை மொழிவாரி மாகாணங்களாகத் திருத்தியது. மொழிவாரி என்ற சொல் அரசியலில் நுழைந்தபோது அளவுகோலாக முன்வந்தவை, முன்பே வரையப்பட்டிருந்த மாவட்ட எல்லைகள். சித்தூர் தெலுங்கு மாவட்டம் எனக் கருதப்பட்டதால் அதனுள் அடங்கிய தமிழ்ப் பகுதிகளும் தெலுங்கு நாட்டைச் சேர்ந்தவையாகக் கொள்ளப்பட்டன. ஆட்சி வசதிக்காக வரைந்த கோடு இவ்வாறு நாளடைவில் மொழி எல்லையாக மதிக்கப்படலாயிற்று. திருத்தணி எல்லையூரான வரலாறு இங்குத்தான் தொடங்குகிறது.

ஆசிரியர்கள் காத்த தமிழ்

மாவட்டம் மாறியதன் விளைவு முதலில் பள்ளிகளில் தெரிந்தது. அலுவலகத்திலும் பள்ளியிலும் தெலுங்கின் வழக்கு மிகுந்தால், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை எழுதுவதும் படிப்பதும் வேறு மொழியாகிவிடும். பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத தலைமுறை ஒன்று உருவாகுமாயின், அடுத்த கணக்கெடுப்பில் அவ்வூர் எம்மொழிக்குரியது என்ற கேள்விக்கே இடமிராது.

இவ்வாபத்தை உணர்ந்து உழைத்தவருள் தலையாயவர் மங்கலங்கிழார். அரக்கோணம், திருத்தணிப் பகுதிச் சிற்றூர்களில் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்தவர் அவர். குருவராசப்பேட்டையை நடுவிடமாகக் கொண்டு அறநெறித் தமிழ்க் கழகத்தை நிறுவினார். ஆசிரியர்களையும் இளைஞர்களையும் திரட்டி இலக்கணமும் இலக்கியமும் பயிற்றுவித்தார். வடவெல்லையைப் பற்றி எழுதியும் பேசியும் மக்களிடையே விழிப்பை ஏற்படுத்தினார். அரசியல் இயக்கம் இப்பகுதிக்கு வந்தபோது அதனை வரவேற்று நடத்துவதற்குரிய உள்ளூர்த் தொண்டர்கள் ஆயத்தமாக இருந்தமைக்கு அவர் நடத்திய வகுப்புகள் பெரிதும் காரணம். 1953இல், எல்லைச் சிக்கல் தீராத நிலையிலேயே அவர் மறைந்தார்.

வரலாற்று நூல்களில் போராட்டத் தலைவர்கள் பெறும் இடத்தை இத்தகைய ஆசிரியர்கள் பெறுவதில்லை. மாலை நேரத்தில் சிலர் கூடி ஒரு பாடலுக்குப் பொருள் காண்பதும், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவதும் செய்தித்தாளில் இடம்பெறும் நிகழ்ச்சிகள் அல்ல. எனினும் வடவெல்லையில் தமிழைக் காத்த பணி இத்தகைய சிறு கூட்டங்களில்தான் நடந்தது.

போராட்டமும் தீர்வும்

ம. பொ. சிவஞானம் 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். வேங்கடம் முதல் குமரி வரை தமிழகம் என்பது அதன் முழக்கம். விடுதலை பெற்ற மறுநாளாகிய 1947 ஆகத்து 16ஆம் நாள் அவர் தம் தோழர்களுடன் திருப்பதிக்குச் சென்று வடவெல்லைக் கிளர்ச்சியைத் தொடங்கினார். மங்கலங்கிழாரும், திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகமும் வடவெல்லை இயக்கத்தில் முன்னின்றனர்.

1952 திசம்பர் 15ஆம் நாள், ஆந்திர மாநிலம் வேண்டி உண்ணாநோன்பிருந்த பொட்டி சிரீராமுலு சென்னையில் உயிர்நீத்தார். சில நாள்களில் பிரதமர் நேரு ஆந்திர மாநிலம் அமையுமென அறிவித்தார். நீதிபதி வாஞ்சு புதிய மாநில அமைப்புப் பற்றி ஆராய்ந்து அறிக்கை அளித்தார். சென்னை நகரம் யாருக்கு என்ற பூசலே நாட்டின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. சித்தூர் மாவட்டத்தின் தமிழ்ப் பகுதிகள் பற்றிய கேள்வி அவ்வாரவாரத்தில் அமிழ்ந்தது. இந்நிலையில் 1953 சூலையில் திருத்தணியில் தடையை மீறிய கிளர்ச்சி நடந்தது, ம. பொ. சி. உள்ளிட்ட பலர் சிறை சென்றனர். சிறை சென்றோருள் மீண்டு வாராதவரும் உண்டு.

1953 அக்டோபர் 1ஆம் நாள் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுமையாக அதனுள் சென்றது. திருத்தணி ஆந்திரத்து ஊராயிற்று. அடுத்த ஆறரை ஆண்டுகள் அந்நிலையே நீடித்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதும் தீர்வு கிட்டவில்லை. அதன்பின் இரு மாநில அரசுகளும் இசைந்து, மத்திய அமைச்சராக இருந்த எச். வி. பட்டாசுகரின் தீர்ப்பை நாடின.

பட்டாசுகர் கைக்கொண்ட முறை எளியது. மாவட்டத்தையோ வட்டத்தையோ அலகாகக் கொள்ளாமல் சிற்றூரை அலகாகக் கொண்டார். அச்சிற்றூரில் பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, அவ்வூர் அம்மொழி மாநிலத்தோடு நிலத்தொடர்ச்சி உடையதா என்பவற்றை நோக்கினார். இதன் அடிப்படையில் ஆந்திரப் பிரதேச–சென்னை எல்லை மாற்றச் சட்டம் 1959இல் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு மாவட்டத்துச் சத்தியவேடு முதலிய பகுதிகளும் சேலம் மாவட்டத்துச் சில ஊர்களும் ஆந்திரத்திற்குச் சென்றன. சித்தூர் மாவட்டம் பிறந்ததும் ஓர் ஏப்ரல் 1. திருத்தணி அதனின்று நீங்கியதும் ஓர் ஏப்ரல் 1. இடையில் கழிந்தவை 49 ஆண்டுகள். திருத்தணியிற் பிறந்த இராதாகிருட்டிணன் அப்போது இந்தியக் குடியரசின் துணைத்தலைவர்.

பட்டாசுகர் முறையின் செல்வாக்கு தமிழகத்தோடு முடியவில்லை. பெல்காம் பகுதி குறித்துக் கருநாடகத்தோடு வழக்காடும் மகாராட்டிரம், சிற்றூரை அலகாகக் கொள்ளும் இம்முறையையே தனக்கும் வேண்டுமெனக் கேட்டு வந்துள்ளது. திருத்தணியில் கண்ட தீர்வு, இந்தியாவின் எல்லைப் பூசல்களுக்கு ஒரு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுகிறது.

இத்தீர்வில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அபராசிதனின் வெண்பாவோ அருணகிரியாரின் திருப்புகழோ தணிகைப் புராணமோ எல்லையைத் தீர்மானிக்கவில்லை. பழஞ்சான்று மட்டுமே போதுமாயின், தமிழிலக்கியம் முழுதும் எல்லையெனச் சுட்டிய வேங்கடம் தமிழகத்திற்கு வந்திருக்க வேண்டும், அது வரவில்லை. தீர்மானித்தவர்கள் அன்று அவ்வூர்களில் வாழ்ந்து, தம் மொழி தமிழென்று சொன்ன மக்கள். அவர்களை அவ்வாறு சொல்லவைத்தது, பழம்பாடல்களைத் திண்ணையிலும் பள்ளியிலும் கழகத்திலும் இடைவிடாது கற்பித்த உழைப்பு. பழைய இலக்கியம் மக்களின் வாயில் நின்ற அளவிற்கே எல்லைக்குக் காவலாயிற்று.

கோட்டின் இருபுறமும்

இணைப்பிற்குப்பின் திருத்தணி செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவள்ளூர் மாவட்டத்திற்கு வந்தது. எல்லைக்கு அப்பாலும் மாற்றம் நிகழ்ந்தது. 2022இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் தோன்றியது. 1911இல் ஆட்சி வசதிக்காக இணைக்கப்பட்டவை அதே வசதிக்காக மீண்டும் பிரிக்கப்பட்டுள்ளன. மாவட்டக் கோடுகள் நிலையானவை அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எந்தக் கோடும் மக்களைத் துல்லியமாகப் பிரித்துவிடுவதில்லை. திருத்தணி வட்டாரத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் இன்றும் வாழ்கின்றனர். நகரியிலும் புத்தூரிலும் சித்தூரிலும் சத்தியவேட்டிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. தமிழகத்துப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களிலும் ஆந்திரத்து நகரி, ஏகாம்பரகுப்பம் ஆகிய ஊர்களிலும் தறிகளே பலரின் வாழ்வாதாரம். நூல் விலை ஏறினால் இருபுறத்து வீடுகளிலும் ஒரே கவலை. ஆடிக் கிருத்திகைக்கு மலர்க்காவடி எடுத்து வருவோர் எம்மாநிலத்தவர் என்று மலைப்படிகள் கேட்பதில்லை. ஆங்கிலப் புத்தாண்டிற்கு முன்னிரவில் படிதோறும் பாடி ஏறும் திருப்படித் திருவிழாவை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தார். அன்றிரவு திருப்புகழோடு பிறமொழிப் பசனைகளும் ஒலிக்கின்றன.

வடவெல்லையில் தமிழுக்கு நீதி வேண்டியோர் முன்வைத்த வாதம், பிறந்த ஊரில் தம் மொழியில் கற்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்பதே. அவ்வாதம் மெய்யாயின் அது எல்லைக்கு இப்பால் உள்ள தெலுங்குப் பிள்ளைக்கும் அப்பால் உள்ள தமிழ்ப் பிள்ளைக்கும் ஒருங்கே பொருந்தும். எல்லை அமைந்தபின் இருபுறத்துச் சிறுபான்மையோரின் தாய்மொழிக் கல்வி தேயுமாயின், 1911க்குப்பின் திருத்தணித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நேர்ந்த இடரே அவர்களுக்கும் நேரும். மங்கலங்கிழார் போன்றோரின் உழைப்பை நினைவுகூர்தல் இதனையும் உள்ளிட்டதாக இருத்தல் வேண்டும்.

இலக்கிய அமைப்புகள் செய்யத்தக்க பணிகள் இங்கு உள்ளன. வீரட்டானேசுவரர் கோயிற் கல்வெட்டுகளையும் வேலஞ்சேரி, திருவாலங்காட்டுச் செப்பேடுகளையும் எளிய உரையோடு அவ்வட்டாரப் பள்ளி மாணவர் கைக்கு எட்டச் செய்யலாம். கச்சியப்ப முனிவர், கந்தப்பையர், அவர்தம் மைந்தர் ஆகியோரின் நூல்களை ஒருசேரத் தொகுக்கலாம். எல்லைப் போராட்டத்தைக் கண்ணாற் கண்டோரின் நினைவுகளை, அவர்கள் உள்ளபோதே, இரு மொழிகளிலும் பதிவு செய்யலாம். ஊர்ப்பெயர்களையும் மலைப்பெயர்களையும் வயற்பெயர்களையும் ஊர்வழக்கு மாறுமுன் திரட்டலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிலர் தொடர்ந்து கூடி உழைப்பதே வேண்டும்.

திருத்தணிக்குச் செல்லும் கவிஞர் மலையேறி வழிபட்டபின் நந்தியாற்றங்கரைக்கும் செல்லுதல் நன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கிருக்கும் வெண்பாவின் தளையைத் தட்டாமல் படித்துப் பொருள் சொல்வோர் அவ்வூரிலேயே இருக்கும்வரை, அவ்வூரின் மொழி எதுவென்று கேட்போர்க்கு விடை கிடைக்கும்.